பலகைக்கு அந்தப் பக்கம்

அந்தத் தெருவில் அவருக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. காப்பீட்டுக் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிற வேலையில் முடி நரைத்தவர். கடை எரிந்துபோச்சு என்று ஒருவன் கண்ணீரும் கம்பலையுமாக வந்து நின்றால், தீயணைப்பு வண்டி போன கையோடு இவர் போய்ச் சாம்பலைக் கிளறுவார். கடை தானாக எரிந்ததா, கடைக்காரன் கொளுத்தினானா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. பால் போடுகிறவன், “மழை சார், அதான் லேட்டு” என்றால் வாசலுக்கு இறங்கி வந்து தரையைத் தொட்டுப் பார்ப்பார்.

“காபியில சர்க்கரை போட்டேன்னு சொன்னா நம்ப மாட்டாரு” என்பாள் அவர் மனைவி. “ஸ்பூனை விட்டு அடியைக் கிண்டிப் பாத்துட்டுத்தான் குடிப்பாரு. போட்டது நானு, குடிக்கப்போறது அவரு. நடுவுல விசாரணை எதுக்கு?”

அந்த அம்மாளிடமும் ஒரு பழக்கம் உண்டு. வெளியே எங்கே போய் வந்தாலும், செருப்பைக் கழற்றும்போதே ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவாள். “கடைக்குப் போனேன், தக்காளி நல்லால்ல, எதிர்வீட்டுக்காரி பிடிச்சுக்கிட்டா, ரெண்டு வார்த்தை பேசினேன், அதான் நேரமாயிடுச்சு.” யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வானொலிச் செய்தி மாதிரி அது பாட்டுக்கு ஓடி நிற்கும். வீட்டில் அதை யாரும் காதில் வாங்குவதில்லை. அம்மா என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள், ஷெட்டில் மரப்படகு கட்டப்போகிறேன், அதில் மோட்டார் வைத்து ஏரியில் ஓட்டப்போகிறேன் என்று அறிவித்தார். ஏரி தெருக்கோடியில்தான் இருந்தது. அறுபது வருஷமாக அங்கேயேதான் இருந்தது. அவர் அதில் காலை நனைத்ததைக்கூடப் பார்த்தவர் இல்லை. நீச்சல் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் வாந்தி எடுக்கிற ஆள். தெரு வாயை மூடிக்கொண்டு சிரித்தது. ஷெட்டுக்குள் கட்டி முடித்துவிட்டு, கதவு வழியாக வெளியே கொண்டுவர முடியாமல் முழிக்கப்போகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தார்கள். மரம் வருவதற்கு முன்பே அவர் கதவை மூன்று தடவை அளந்துவிட்டார் என்று தெரிந்ததும் அந்த ஆசையில் மண் விழுந்தது.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

முப்பதைத் தாண்டிய பெண்ணை இன்னும் ‘பாப்பா’ என்றுதான் வீட்டில் கூப்பிட்டார்கள். பாப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, அளவுக்குத் தகுந்த மாதிரி கண்ணாடி போட்டுக் கொடுப்பாள். படகு அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்னால்தான் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

“பாத்ரூம் தரையை இடிச்சுப் போட்டிருக்காங்க. முடியற வரைக்கும் இங்க இருக்கேன்” என்றாள்.

அப்பா பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “சரி” என்றார்.

வேறொரு மனிதர் ‘சரி’ என்றால் அது சரி. இவர் சொன்னால் அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. யார் கொத்தனார், என்ன கல், மாப்பிள்ளை எங்கே குளிக்கிறார், தரை போட எத்தனை நாள், அதற்கு ஏன் குளிர்கால உடுப்பெல்லாம் எடுத்து வந்தாய் என்று துளைத்திருக்க வேண்டியவர். ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து, “கடைசி நேரத்துல ஒரு கஸ்டமர் வந்துட்டாரு, அப்புறம் பஸ் கூட்டம், அதை விட்டுட்டு அடுத்ததுல வந்தேன்” என்றபடி உள்ளே நுழைந்தபோது, அவர் பேப்பரை இறக்கினார். அவளைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் மரம் வந்து இறங்கியது.

பாப்பா வந்த காரணம் தரை இல்லை. அவள் புருஷன் அவளை அடித்ததில்லை. குரலைக்கூட உயர்த்தியதில்லை. தெருவில் கேட்டால் தங்கமான பையன் என்பார்கள். அவன் கேள்விதான் கேட்பான். இன்னைக்கு ஏன் இந்த நேரம்? யாரோட பேசிட்டிருந்தே? போன் ஏன் எடுக்கல? இந்தச் சட்டைக்கு ஏன் இந்த சென்ட்? பதில் சொன்னால், அதே கேள்வியை இரண்டு நாள் கழித்து வேறு பக்கமாகத் திருப்பிக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். அவள் முகம் மாறினால், “சும்மாதான் கேட்டேன், அதுக்கு ஏன் கோவம்?” என்பான். சும்மா கேட்டுக் கேட்டே அவள் உயிரை எடுத்துவிட்டான்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? காட்ட ஒரு தழும்பு இல்லை. காதால் கேட்ட சாட்சியும் இல்லை. ‘ஆதாரம்’ என்றே பெயர் வாங்கிய மனிதரிடம் வெறுங்கையோடு போய் நிற்பதா? அதைவிட, கேள்வி கேட்பது அவர் தொழில். “கேள்வி கேட்டது ஒரு குத்தமா? பதில் இருந்தா சொல்லிட்டுப் போயேன்” என்று ஒரே வரியில் முடித்து, பெட்டியைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பிப் போக அவள் தயாராக இல்லை. அதனால் தரைக் கதையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு அரண்மனைக்கே தரை போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகு வேலை. அதற்கு அவள் கட்டாயம் வேண்டும் என்றார் அப்பா.

வேலை இப்படி. அடியில் முதுகெலும்பு மாதிரி நீளமாக ஒரு கட்டை. அதற்கு இரண்டு பக்கமும் பலகைகள். ஒவ்வொரு பலகையின் விளிம்பும் கீழே உள்ளதன் மேல் மீன் செதில் போல ஏறி உட்கார வேண்டும். ஏறின இடத்தில் துளை போட்டு, வெளியிலிருந்து செம்பு ஆணி. ஆணி உள்ளே எட்டிப் பார்க்கும். அதன் மேல் ஒரு சின்னச் செம்பு வளையத்தை மாட்டி, மிச்சத்தை நறுக்கிவிட்டு, நுனி பூப்போல விரிந்து வளையத்தைக் கவ்வும்வரை தட்ட வேண்டும். தட்டுகிறவர் படகுக்குள் குந்தியிருப்பார். தட்டும்போது ஆணி பின்வாங்காமல் இருக்க, வெளியே இன்னொருவர் அதன் தலையில் கனமான இரும்புக் கட்டியை வைத்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே பாப்பா. வெளியே, முக்காலி போட்டு அப்பா. நடுவில் பலகை. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அவர் இரும்பால் ஒரு தட்டுத் தட்டினால் ‘நான் தயார்’. அவள் சுத்தியலால் இரண்டு தட்டினால் ‘முடிந்தது, அடுத்தது’.

அப்பா அந்தப் பக்கத்திலிருந்து பேசுவார். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது, ஏரித் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று உப்புப் பெறாத விஷயமாகப் பேசுவார். ஒரு தடவை, “பக்கத்துத் தெருவுல ஒருத்தர் பாத்ரூம் தரையை மாத்தினாராம். ஒரே வாரத்துல முடிஞ்சிடுச்சாம்” என்றார். பாப்பாவுக்குக் கை தவறி வளையம் உருண்டு ஓடியது. அவள் அதைத் தேடி எடுத்து மாட்டினாள். இரண்டு தட்டுத் தட்டி அடுத்த ஆணிக்குப் போனாள்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் போர்வை ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் அலமாரிக் கண்ணாடியை உடைத்துவிட்டு, நான் இல்லை என்று சாதித்தாள். அப்பா திட்டவில்லை. துவைத்துக் காய்ந்த பெரிய போர்வையை மடிக்கக் கூப்பிட்டார். ஆளுக்கு இரண்டு முனை. விரித்துத் தூக்கிப் பிடித்தால் போர்வை நடுவில் மறைக்கும். அப்பா முகம் தெரியாது. அவர் வேறு ஏதோ பேசிக்கொண்டே மடித்தார். முனைகள் சேர்வதற்குள் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரவுச் சாப்பாட்டில் அவர் பெருமையாகச் சொன்னதும் நினைவிருந்தது. “கை சும்மா இருக்கிறவன் பொய்யை யோசிப்பான். கையில வேலையைக் குடுத்துட்டு, முகத்தைப் பாக்காம இரு. தானா வந்து விழும்.”

வளையம் தீர்ந்துபோய் மரக்கடைக்குப் போனபோது சந்தேகம் இன்னும் கெட்டியானது. கடைக்காரர் பேச்சுப் பிரியர்.

“ஒட்டுப் பலகையும் பசையும் வச்சா தனி ஆளா முடிச்சிடலாம்மா. நான் அதைத்தான் சொன்னேன், உங்கப்பாவும் சரின்னுட்டுப் போனாரு. மறுநாள் வந்து, ரெண்டு ஆள் இல்லாம முடியாத மாதிரி ஏதாவது முறை இருக்கான்னு கேட்டாரு. இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன். வேலையைக் கூட்டிக் குடுங்கன்னு கேட்டு வந்த முதல் ஆள் அவருதான்.”

பாப்பா வளையத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்பா இல்லாத நேரம் பார்த்து ஷெட்டைக் குடைந்தாள். விசாரணை அவள் ரத்தத்திலும் இருந்தது. சாக்கு மூடிய மோட்டாருக்குப் பின்னால் ஒரு தகர டப்பா. அதில் பிடுங்கிப் போட்ட செம்பு ஆணிகள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வளையம் கோணாமல், நுனி அழகாக விரிந்து, குறை சொல்ல முடியாத ஆணி. அவள் தட்டியதுதான். எல்லாம் அடிப்பலகை ஆணிகள். ‘இந்தப் பக்கம் சரியா பிடிக்கல பாப்பா, மறுபடி அடிக்கணும்’ என்று அப்பா வாரா வாரம் சொன்னது இதைத்தான். மேல் பலகைக்கு ஏறிவிட்டால் வெளியே இருப்பவர் தலை தெரிந்துவிடும். அதனால் நல்ல ஆணியைப் பிடுங்கி அவளைக் கீழேயே உட்கார வைத்திருந்தார். படகு எப்போது முடியும் என்றால், அவள் வாயைத் திறந்தால் முடியும்.

“அப்பா எதுக்கும்மா படகு கட்றாரு?” என்று அம்மாவிடம் நூல் விட்டுப் பார்த்தாள்.

“என்னைக் கேக்காதே. இந்த மனுஷன் கொஞ்ச நாளா என்னையும் ஒண்ணும் கேக்கறதில்ல. காபியில ஸ்பூன் விடறதையும் நிறுத்திட்டாரு” என்றாள் அம்மா. குரலை இறக்கி, “எனக்கே பயமா இருக்கு” என்றாள்.

போதாததற்குப் புதன்கிழமைகள் வேறு. புதன் ஆனால் அப்பா சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், “மோட்டார் பாக்கப் போறேன்” என்று கிளம்பிவிடுவார். மோட்டார் ஷெட்டில் சாக்குக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கச் சவரம் தேவையில்லை.

அது எந்த மோட்டார் என்று ஒரு புதன்கிழமை மத்தியானம் தெரிந்தது. கடையில் தயாரான கண்ணாடி ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு வரும் வழியில் பாப்பா பார்த்தாள்: சாலைக்கு எதிர்ப்பக்கம் பேக்கரிக்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே அவள் புருஷன். அவன் போனை நீட்டி, விரலால் தள்ளித் தள்ளி எதையோ காட்டிக்கொண்டிருந்தான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாப்பாவே அளவு பார்த்துப் போட்டுக் கொடுத்த கண்ணாடி. சாம்பலைக் கிளறுகிறபோது அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

பாப்பா சாலையைக் கடக்காமல் இந்தப் பக்கமே நின்றாள். ஆக, இரண்டு பேரும் ஒன்று. ஒருவன் கேள்வியைத் தயார் செய்கிறான், இன்னொருவர் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிலை வாங்கப் பார்க்கிறார். பெற்ற அப்பா. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, “பஸ் சிக்னல்ல நின்னுடுச்சு, அதான்” என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அப்பா எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படகுக்குள் இறங்கியதும் சுத்தியலைக் கையில் எடுத்தாள். வெளியிலிருந்து ஒரு தட்டு வந்தது. அவள் தட்டவில்லை.

“புதன்கிழமை பேக்கரியில அவரோட என்ன பேசினீங்க?”

இரும்பு பலகையில் உரசி நின்றது.

“நான் பேசல. அவன் பேசினான். நான் கேட்டுட்டிருந்தேன்” என்றார் அப்பா.

“போன்ல என்ன காட்டினாரு?”

“உன் போட்டோ. பஸ் ஸ்டாப்புல நிக்கிறே. கடை வாசல்ல யாரோ ஒரு ஆளோட சிரிச்சுப் பேசிட்டிருக்கே.”

“அது ஃப்ரேம் சப்ளை பண்றவருப்பா. அவரு பேரனோட சேட்டையைச் சொல்லிட்டிருந்தாரு, அதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தன் சிரிப்புக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுத்தியலைத் தூக்கி எறிந்தாள். அது படகின் அடியில் விழுந்து துள்ளியது.

“தரையெல்லாம் ஒண்ணும் இடிக்கலப்பா. நான்தான் வந்துட்டேன். அவரு அடிக்கல. திட்டல. கேப்பாரு, அவ்வளவுதான். தினம் கேப்பாரு. ஒரு நாள் வீட்டு மாடிப்படியில நின்னுட்டிருந்தேன். மூச்சு வாங்கறேன்னு நெனச்சேன். இல்ல, என்ன பதில் சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன். ஒரு தப்பும் பண்ணலப்பா. ஆனா ஒத்திகை பாக்காம என் வீட்டுக்குள்ள என்னால நுழைய முடியல. அன்னைக்குப் பெட்டியைக் கட்டினேன்.” மூச்சு இரைத்தது. “என்கிட்ட ஒண்ணும் இல்ல காட்ட. இப்பக் கேளுங்க. ஆதாரம் எங்கன்னு கேளுங்க. அதுக்குத்தானே இந்தப் படகு, இந்த ஆணி, எல்லாம்? போர்வை மடிச்சு என்னைப் பிடிச்ச ஆளுதானே நீங்க?”

வெளியே முக்காலி நகர்ந்தது. போய்விட்டாரோ என்றுகூட நினைத்தாள்.

“பாப்பா, இத்தனை ஞாயித்துக்கிழமையில நான் உன்னை ஒரு கேள்வியாவது கேட்டேனா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். பூனை, ஏரி, எதிர்வீடு. ஒன்றுகூடக் கேள்வி இல்லை.

“அந்தப் பக்கத்துத் தெரு பாத்ரூம் மட்டும் கொஞ்சம் வாய் தவறி வந்துடுச்சு” என்றார் அப்பா. “மத்தபடி கேக்கல. பலகை உனக்காக இல்ல, எனக்காக. உன் முகத்தைப் பாத்தா கேட்டுடுவேன். எனக்கு வேற எதுவும் தெரியாது. நீயா சொல்ற வரைக்கும் வாயை மூடிட்டு உக்காரணும்னா, எனக்கு நடுவுல ஒரு மரம் தேவைப்பட்டுது.”

“நான் சொன்னா மட்டும் நம்பிடுவீங்களா? ஆதாரம் இல்லாம?”

“ஆதாரம் இருக்கு. நீ வந்த அன்னைக்குச் சாயங்காலமே குடுத்துட்டே. உள்ள வந்ததும் வராததுமா, பஸ் கூட்டம், விட்டுட்டு அடுத்ததுல வந்தேன்னு சொன்னே. நான் கேக்கல. உங்கம்மாவும் கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றவங்களை என் வேலையில நெறையப் பாத்திருக்கேன். ஒண்ணு, திருடினவன் சொல்லுவான். இல்லேன்னா, தினம் திருடன் மாதிரி நடத்தப்பட்டவங்க சொல்லுவாங்க. நீ திருடினவ இல்லன்னு எனக்குத் தெரியும்.”

பாப்பா பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். புது மரத்தின் வாசனை அடித்தது.

“அப்ப ஏம்ப்பா அவரைப் போய்ப் பாத்தீங்க? அதுவும் வாரா வாரம்?”

“அவன்தான் கூப்பிட்டான். நீங்க அனுபவசாலி, நீங்களே பாத்துச் சொல்லுங்கன்னான். போனேன். அவன் எப்படின்னு பாக்கப் போகல பாப்பா. நான் எப்படி இருந்திருப்பேன்னு பாக்கப் போனேன். அவன் பேசறதைக் கேட்டா எனக்கு என் குரலே கேட்டுச்சு. ‘சும்மாதான் கேட்டேன்’னு அவன் சொல்றப்ப, அது நான் சொன்னதுதான்.” இரும்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. “அன்னைக்கு நீ பஸ் கதையைச் சொன்னப்ப, நான் உங்கம்மாவைத் திரும்பிப் பாத்தேன்…”

அவர் முடிக்கவில்லை. வாசல் கேட் கிறீச்சிட்டது. முற்றத்தில் செருப்பைக் கழற்றும் சத்தம். அம்மாவின் குரல் வழக்கம் போல யாரிடமும் இல்லாமல் ஆரம்பித்தது.

“வந்துட்டேன். மருந்துக் கடையில கூட்டம், சில்லறை இல்லைன்னுட்டான், மாத்திட்டு வர்றதுக்கு அந்தப் பக்கத்துக் கடை வரைக்கும் போயிட்டேன், வேற எங்கயும் போகல, நேரா இங்கதான் வரேன்.”

படகுக்கு உள்ளே ஒருத்தியும் வெளியே ஒருவருமாக அதை முழுக்கக் கேட்டார்கள். பாப்பா பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. கேலி செய்து, அம்மா மாதிரியே நடித்துக்காட்டி, வீடே சிரித்த பேச்சு. ‘வேற எங்கயும் போகல’ என்பதை அவள் இன்றைக்குத்தான் காதில் வாங்கினாள்.

“அவளும் எதையும் திருடல” என்றார் அப்பா. 

பாப்பாவுக்கு அவர் மேல் கோபமா இரக்கமா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தது. அம்மாவுக்காக அழுகை வந்தது, அதை அடக்கவில்லை. அப்பாவும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினார்.

“அவன்கிட்ட முடிச்சுட்டேன்” என்றார் கொஞ்சம் பொறுத்து. “‘உன் கையில இருக்கிறது வெறும் கேள்விதான் தம்பி, அதுக்கு இனிமே அவ பதில் சொல்ல மாட்டா’ன்னு சொல்லிட்டேன். நீ போக வேண்டாம். இந்த வீட்டுல யாரும் உன்னைப் போன்னு சொல்லப்போறதில்ல. மாப்பிள்ளையே வந்து நின்னாலும் நான் பேசிக்கறேன்.”

“அம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?”

“தெரியலையே” என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

பிறகு இரும்பு ஒரு தட்டுத் தட்டியது. பாப்பா சுத்தியலைத் தேடி எடுத்தாள். அன்று அவர்கள் நிறைய ஆணி அடித்தார்கள். ஒன்றையும் அவர் பிடுங்கவில்லை. சில வாரங்களில் மேல் பலகைக்கு ஏறிவிட்டார்கள். நிமிர்ந்தால் முகம் தெரிந்தது. இரண்டு பேருக்கும் முதலில் கூச்சமாக இருந்தது.

படகை ஏரிக்குக் கொண்டுபோன அன்று தெருவே கூட வந்தது. கதவில் இடிக்காமல் வெளியே வந்ததில் சிலருக்கு வருத்தம்தான். ஆனால் தண்ணீரில் விட்டதும் பலகை இடுக்கெல்லாம் ஒழுக ஆரம்பித்து, பாதி படகு முங்கியதும் அவர்கள் முகம் மலர்ந்தது. புது மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு மூடும் என்று பாப்பா சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆதாரம் சாரே இரண்டு நாள் சந்தேகமாகக் கரையில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். திரும்பத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரைப் பின்னால் மாட்டினார்கள்.

அப்பா ஏறவில்லை. பாப்பா ஓட்டப் பழகினாள். பிறகு அம்மா ஏறினாள். முதலில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தவள், நாலு நாள் கழித்துச் சுக்கானை நான் பிடிக்கிறேன் என்றாள். பிடித்த பிறகு விடவில்லை.

ஒரு காலை நேரம், மூன்று பேரும் ஏரிக்கு வந்திருந்தார்கள். அம்மா படகில் உட்கார்ந்து கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பிவிட்டு, “நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வரேன்” என்றாள்.

அப்பாவின் வாய் திறந்தது. எவ்வளவு தூரம், எந்தப் பக்கம், எப்போது திரும்புவாய் என்று கேள்விகள் அவர் முகத்தில் வரிசையாக வந்து நின்றது பாப்பாவுக்குத் தெரிந்தது. வாய் மூடிக்கொண்டது. படகு சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பி, நாணல் வளைவைத் தாண்டி மறைந்தது. சத்தம் தேய்ந்து, அதுவும் நின்றது.

அப்பா உட்கார்ந்தார். எழுந்தார். கரை ஓரமாக வளைவு வரைக்கும் போய்ப் பார்க்கலாமா என்பது போல இரண்டு எட்டு வைத்துத் திரும்பினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பாப்பாவுக்குப் பாவமாகிவிட்டது. சிக்குப் பிடித்துக் கிடந்த ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“இதைப் பிரிச்சுச் சுத்துங்கப்பா. கை சும்மா இருக்க வேண்டாம்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

வெயில் ஏறின பிறகுதான் மோட்டார் சத்தம் திரும்ப வந்தது. அம்மாவின் தலைமுடி காற்றில் கலைந்து, முகம் சிவந்திருந்தது. புடவையின் ஓரத்தில் ஈரமும், எங்கேயோ ஒட்டிய சேறும் இருந்தன. எங்கேயோ இறங்கியிருக்கிறாள். பாப்பா நீட்டிய கையைப் பற்றிக் கரையில் கால் வைத்ததும், பழக்கத்தில் வாய் ஆரம்பித்தது.

“அந்த வளைவுக்கு அந்தப் பக்கம்…”

“சொல்லணும்னு இல்ல” என்றார் அப்பா, கயிற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல். “உனக்குத் தோணினா சொல்லு. இல்லேன்னா வேண்டாம்.”

அம்மா நின்றுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு வாழ்ந்தவள், முதன்முறையாக அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். கிட்டே போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. மகளைப் பார்த்தாள். மகள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிஜமாவா?” என்றாள் அம்மா.

அவர் தலையை ஆட்டினார். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். சொல்ல வந்ததை ஒரு தடவை வாய்க்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு உதட்டை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து மெதுவாக நடந்தாள்.

அப்பா அவள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், ஒழுங்காகச் சுற்றி முடித்திருந்த கயிற்றை மறுபடியும் பிரித்தார்.